ஆடுகள் இல்லாத கோடை

கேக்குகளை அடுப்பிலிருந்து எடுத்து மேசைமேல் வைத்த பிறகுதான் இன்றைக்கு ஏலம் கிடையாது என்பது மேவிஸ் ஆல்டர்சனுக்கு உறைத்தது. கையிலிருந்த துணியைக்கூடக் கீழே வைக்காமல் அப்படியே நின்றாள். ஜன்னலுக்கு வெளியே பிப்ரவரி மாதத்து இருட்டு இன்னும் விலகவில்லை. தெருவிளக்கின் கீழ் மழை சாய்வாக இறங்கிக்கொண்டிருந்தது. கோமாரி பரவுகிறது, ஆடு மாடுகளை இருக்கும் இடத்தைவிட்டு நகர்த்தக் கூடாது, ஏலங்கள் எல்லாம் நிறுத்தம் என்று போன வெள்ளிக்கிழமையே வானொலியில் சொல்லிவிட்டார்கள். கடைத்தெருவில் நாலு பேரிடம் அதைப் பற்றி அவளே பேசியும் இருந்தாள். ஆனாலும் செவ்வாய்க்கிழமை விடியுமுன் எழுந்து உலர்பழக் கேக் சுடுகிற கைக்கு அதெல்லாம் தெரியவில்லை.

சுட்டதை என்ன செய்வது? கூடையில் அடுக்கித் துணி போட்டு மூடிக்கொண்டு வழக்கம்போல ஏலக்கூடத்துக்கே போனாள். ஸ்கெல்பி ஊரின் கீழ்க்கோடியில், பழைய ரயில் நிலையம் இருந்த இடத்துக்கு எதிரே இருக்கிறது ஏலக்கூடம். அதன் ஓரத்தில், தகரக் கூரை போட்ட நீளமான அறைதான் மேவிஸின் தேநீர்க்கடை. வாசலில் கிருமிநாசினி ஊற்றிய வைக்கோலை விரித்திருந்தார்கள். அதை மிதித்துக்கொண்டு உள்ளே போய் விளக்கைப் போட்டாள். ஏலம் நடக்கிற நாளில் இந்நேரத்துக்குப் பட்டி பட்டியாக ஆடுகள் கத்திக்கொண்டிருக்கும். ஏலம் விடுபவரின் குரல் ஒலிபெருக்கியில் மூச்சு விடாமல் ஓடும். ஈரக் கோட்டும் புழுக்கை வாடையுமாக ஆண்கள் உள்ளே நுழைந்து, பன்றிக்கறி வைத்த பன்னையும் தேநீரையும் கேட்டு, ஜன்னல் கண்ணாடிகளை ஆவியால் மூடிவிடுவார்கள். இன்றைக்குக் காலிப் பட்டிகளின் இரும்புக் கதவுகள் காற்றில் ஒன்றோடொன்று இடித்துக்கொண்டிருந்தன. அவள் ஒரு கோப்பை தேநீர் போட்டுக்கொண்டு ஜன்னலோர மேசையில் உட்கார்ந்தாள். அது ஆம்ப்ரோஸ் உட்காருகிற இடம் என்பது உட்கார்ந்த பிறகுதான் தெரிந்தது. எழுந்து வேறு நாற்காலிக்குப் போய்விட்டாள்.

ஆம்ப்ரோஸ் மெட்காஃபுக்குப் பள்ளத்தாக்கின் மேல்கோடியில், சாலை முடிந்துபோகிற இடத்தில் பண்ணை. கல்யாணம் ஆகவில்லை. அப்பாவும் அம்மாவும் போன பிறகு ஒற்றை ஆளாகச் செம்மறிகளோடு இருந்தான். முப்பது வருஷத்துக்கும் மேலாகச் செவ்வாய்தோறும் ஊருக்கு இறங்கி வருகிறவன். விற்பதற்கு ஒன்றும் இல்லாவிட்டாலும் வருவான். ஒரு துண்டு கேக், அதன்மேல் ஒரு துண்டு பாலாடைக்கட்டி, இரண்டு கோப்பை தேநீர். பேச்சு குறைவு. மழையைப் பற்றி ஒரு வார்த்தை, விலையைப் பற்றி ஒரு வார்த்தை, அவ்வளவுதான்.

இருபது வயதில் அவன் இப்படி இல்லை. நகர மண்டபத்தில் அறுவடைக்கால நடனத்துக்கு இரண்டு தடவை அவளைக் கூட்டிக்கொண்டு போயிருக்கிறான். ஆற்றங்கரைப் பாதையில் அவள் வீடு வரைக்கும் கூடவே நடந்து வந்து, வாசலில் நின்று, எதையோ சொல்ல வாயெடுத்துவிட்டு ராத்திரி வணக்கம் சொல்லிப் போனவன். அந்தக் குளிர்காலத்தில் அவன் அப்பா படுக்கையில் விழுந்தார். பனி மேல்சாலையை மூடியது. வசந்தம் வரைக்கும் ஆளையே காணோம். ஒரு சொல்லும் வரவில்லை. சொல்லி அனுப்பியிருந்தால் காத்திருந்திருப்பாளா என்று பிற்பாடு பலமுறை தன்னையே கேட்டுப் பார்த்திருக்கிறாள். இருந்திருப்பாள் என்றுதான் ஒவ்வொரு முறையும் பதில் வந்தது. ஆனால் அதற்குள் ஆடு மாடு ஏற்றும் லாரி ஓட்டிக்கொண்டிருந்த டெனிஸ் ஆல்டர்சன் அவளைச் சிரிக்க வைத்திருந்தான். டெனிஸ் நல்ல மனிதன். அவனோடு வாழ்ந்த வாழ்க்கையில் அவளுக்குக் குறை ஒன்றும் இல்லை. மகன் லீட்ஸில் வேலையில் இருக்கிறான். டெனிஸ் போய் ஆறு வருஷம் ஆகிறது. டெனிஸை அடக்கம் செய்த மறு வாரத்திலிருந்து ஆம்ப்ரோஸ் ஒரு காரியம் செய்ய ஆரம்பித்தான். கூட்டமெல்லாம் போன பிறகும் உட்கார்ந்திருந்து, நாற்காலிகளை ஒவ்வொன்றாகத் தூக்கி மேசைமேல் கவிழ்த்து வைத்துவிட்டுப் போவான். அவள் கேட்கவும் இல்லை, அவன் சொல்லவும் இல்லை. தரையைத் துடைக்க அவளுக்குச் சுலபமாக இருந்தது.

போன செவ்வாய்க்கிழமை கடைசி நாற்காலியைக் கவிழ்த்த பிறகு அவன் போகவில்லை. தொப்பியைக் கையில் சுருட்டிக்கொண்டு நின்றான்.

"மேவிஸ், உங்கிட்ட ஒண்ணு கேக்கணும்."

"கேளேன்."

அவன் துடைத்த தரையைப் பார்த்தான். "அடுத்த வாரம் கேக்குறேன்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டான்.

அடுத்த வாரம் இதுதான்.

பத்து மணிக்குக் கொஞ்சம் முன்னால் அவள் கூடையைத் தூக்கிக்கொண்டு சந்தைத் திடலுக்கு நடந்தாள். ஊரின் நடுவில், கல் பாவிய அகலமான திடல் அது. நடுவில் படிக்கட்டுகளின் மேல், சந்தை கூடும் இடத்தைக் காட்டுகிற பழைய கல் சிலுவை. எந்தக் காலத்திலோ ஒரு ராஜா, ஸ்கெல்பியில் செவ்வாய்தோறும் சந்தை கூட்டிக்கொள்ளலாம் என்று உரிமை கொடுத்தாராம். ஒரு செவ்வாய் தவறினாலும் அந்த உரிமை பக்கத்து ஊருக்குப் போய்விடும் என்பது இங்கே பிறந்தவர்கள் எல்லாருக்கும் பாலோடு புகட்டப்பட்ட செய்தி. அதனால் செவ்வாய்தோறும் பத்து மணிக்குச் சிலுவையின் படியில் ஏறி நின்று ஒருவர் கைமணி அடித்துச் சந்தை திறந்துவிட்டதாக அறிவிக்க வேண்டும். தபால்காரராக இருந்து ஓய்வு பெற்ற வில்ஃப் டென்னண்ட்தான் இப்போது அதைச் செய்கிறார். மணியைக் கோட்டுக்குள் வைத்துக்கொண்டு, கொட்டுகிற மழையில், ஆளில்லாத திடலில் நின்றுகொண்டிருந்தார். பள்ளத்தாக்கிலிருந்து யாரும் இறங்கி வராததால் காய்கறிக்காரர்களும் துணிக்காரர்களும்கூட வரவில்லை.

"யாரும் இல்லாத இடத்துல மணி அடிக்கப் போறீங்களா, வில்ஃப்?"

"மணி அடிச்சா மட்டும் பத்தாது கண்ணு" என்றார். ஊரில் எல்லாரும் எல்லாருக்கும் கண்ணுதான். "விக்கிறதுக்கு ஒரு ஆளு வேணும், வாங்குறதுக்கு ஒரு ஆளு வேணும். அப்பத்தான் அது சந்தை. இல்லாட்டி நான் சும்மா மழையில மணியாட்டிக்கிட்டு நிக்கிற கிறுக்கன்."

"அதுல என்ன புதுசு?"

அவர் சிரிக்கவில்லை. கொள்ளைநோய் வந்த வருஷத்தில், ஊரே கதவைச் சாத்திக்கொண்டு கிடந்தபோது, ஒற்றைச் செருப்பு ஒன்றை விற்பனைக்கு வைத்துக்கொண்டு ஒருவன் இந்தப் படியில் நின்றானாம், அவனால்தான் சந்தை பிழைத்ததாம் என்ற கதையை அவளுக்குத் தெரியாததுபோலச் சொன்னார். மேவிஸ் அவர் முகத்தைப் பார்த்தாள். கூடையைக் கீழே வைத்தாள். பிறகு எதிரே இருந்த மதுக்கடைக்குள் போய் ஒரு மடக்கு மேசையை இரவல் வாங்கி வந்து, படிக்கட்டின் அடியில் விரித்து, கேக்குகளை எடுத்து வைத்துக் குடையைப் பிடித்துக்கொண்டாள். வில்ஃப் மணி அடித்தார். அடித்து முடித்து இறங்கி வந்து, முதல் ஆளாக ஒரு கேக்கைத் தானே வாங்கிக்கொண்டார்.

அப்படித்தான் தொடங்கியது. மறுவாரமும் அவள் கேக் சுட்டு எடுத்து வந்தாள். வங்கியில் வேலை பார்க்கும் பெண்கள் வந்தார்கள், தேவாலயத்துக்குப் பூ வைக்கிறவர்கள் வந்தார்கள், பள்ளி ஆசிரியர் வந்தார். சந்தையை விட்டுவிடக் கூடாது என்று வாய்விட்டு யாரும் சொல்லவில்லை. கேக் நன்றாக இருக்கிறது என்று மட்டும் சொல்லிவிட்டு, தின்ன முடியாத அளவுக்கு வாங்கிக்கொண்டு போனார்கள்.

திடலின் மூலையில் சிவப்புத் தொலைபேசிக் கூண்டு ஒன்று இருந்தது. இரண்டாவது செவ்வாய், மணியடிக்கும் நேரம் நெருங்கியபோது, மேவிஸ் என்ன செய்கிறோம் என்று யோசிக்காமலே அதற்குள் போய் ஆம்ப்ரோஸின் எண்ணைச் சுழற்றினாள். அவன் எடுத்தான். பேச ஒன்றும் தோன்றாமல், "கேளு" என்று மட்டும் சொல்லிவிட்டு, கதவைக் காலால் தள்ளித் திறந்து, ரிசீவரை வெளியே நீட்டிப் பிடித்தாள். வில்ஃப் மணி அடித்தார். காதில் திரும்ப வைத்தபோது மறுமுனையில் மூச்சு மட்டும் கேட்டது. பிறகு அவன், "சந்தை நடக்குதா?" என்றான். நடக்கிறது என்றாள். யார் இருக்கிறார்கள் என்று கேட்டான். நானும் என் கேக்கும் என்றாள். அவன் சிரித்தான். அந்தச் சிரிப்பை அவள் எவ்வளவு காலத்துக்கு முன்னால் கேட்டது!

அதற்குப் பிறகு வாரம் தவறாமல் கூப்பிட்டாள். நேரில் வாய் திறக்காதவன் தொலைபேசியில் பேசினான். ஈற்றுக்காலம் வந்துவிட்டது என்றான். இரட்டைக் குட்டி போட்ட ஆடு ஒரு குட்டியைச் சேர்த்துக்கொண்டு மற்றதை முட்டித் தள்ளியதையும், அந்தக் குட்டியை அடுப்படியில் பெட்டிக்குள் வைத்துப் பால் புகட்டுவதையும் சொன்னான். இருட்டில் கைவிளக்கோடு குன்றுக்குப் போனால் ஆடுகளின் கண்கள் எப்படிப் பச்சையாக மின்னும் என்று சொன்னான். அவன் ஆடுகளுக்கு வேலி கிடையாது. தாய் தன் குட்டிக்கு எல்லையைக் காட்டிக் கொடுக்கும், அது தன் குட்டிக்குக் காட்டும், யார் காலத்திலோ தொடங்கியது அது என்றான். அவள் கூண்டுக்குள் சாய்ந்து நின்று, காசு தீரும் வரைக்கும் கேட்டுக்கொண்டிருப்பாள். வெளியே கேக் மேசையை வில்ஃப் பார்த்துக்கொள்வார். வெளியே வந்ததும், "பிரதமர் நல்லா இருக்காரா?" என்பார் அவர். "உங்களைத்தான் கேட்டாரு" என்பாள் அவள்.

ஒரு நாள் துணிந்து, என்ன கேட்க வேண்டும் என்றிருந்தாய் என்று கேட்டாள்.  தொலைபேசியில் கேட்கிற விஷயம் இல்லை என்றான். எல்லாம் முடிந்து இறங்கி வருகிறேன், அப்போது கேட்கிறேன் என்றான். அன்றிரவு அவள் கண்ணாடிமுன் நின்று தன் முகத்தை வெகுநேரம் பார்த்தாள். ஐம்பத்து மூன்று வயது முகம். அதில் ஒரு எதிர்பார்ப்பு தெரிந்தது அவளுக்கே கூச்சமாக இருந்தது.

ஏப்ரலில் பள்ளத்தாக்கின் மேல்பக்கம் புகை எழுந்தது. முதல் நாள் ஓரிடத்தில், மறுநாள் இரண்டு இடத்தில். காற்று திரும்பினால் ஊருக்குள்ளேயே வாடை வந்தது. பெண்கள் காயப்போட்ட துணியை உள்ளே எடுத்துக்கொண்டார்கள். மதுக்கடையில் யாரும் உரக்கப் பேசவில்லை. அந்தச் செவ்வாய்க்கிழமை மேவிஸ் கூப்பிட்டபோது மறுமுனையில் தொலைபேசி மணி அடித்துக்கொண்டே இருந்தது, யாரும் எடுக்கவில்லை. வைத்துவிட்டு மறுபடி கூப்பிட்டாள். வில்ஃப் சிலுவையின் படியில் நின்றபடி கூண்டையே பார்த்துக்கொண்டிருந்தார். அவள் வெளியே வந்ததும் கேலி எதுவும் செய்யவில்லை. ஆம்ப்ரோஸின் பக்கத்துப் பண்ணையில் நோய் கண்டுவிட்டது, சுற்றியுள்ள பண்ணைகளின் ஆடு மாடுகளையும் சேர்த்துக் கொன்று எரிக்கிறார்கள் என்று காலையில்தான் கேள்விப்பட்டதாகச் சொன்னார். மேசையைத் தான் மடக்கி வைப்பதாகவும், அவள் கிளம்பலாம் என்றும் சொன்னார்.

டெனிஸின் பழைய வேனை எடுத்துக்கொண்டு அவள் மேல்சாலையில் ஏறினாள். வழியெல்லாம் கல்சுவர்களுக்குப் பின்னால் வெறும் புல். பண்ணைக்குத் திரும்புகிற இடத்தில் இரும்புக் கதவு சங்கிலியால் கட்டியிருந்தது. கீழே கிருமிநாசினி வைக்கோல், மேலே நுழையக் கூடாது என்ற பலகை. ஒலிப்பானை அடித்துவிட்டுக் காத்திருந்தாள். வெகு நேரம் கழித்து ஆம்ப்ரோஸ் பாதையில் இறங்கி வந்தான். நாயும் கூட வரவில்லை. கதவுக்கு நல்ல தூரத்திலேயே நின்றுகொண்டான். சவரம் செய்யாத முகம். தொப்பி இல்லை. தொப்பியில்லாமல் அவனை அவள் வெளியே பார்த்ததே கிடையாது.

"ஒண்ணுக்கும் நோவு இல்ல மேவிஸ்" என்றான். குரலை உயர்த்தித்தான் பேச வேண்டியிருந்தது. "ஒரு ஆடுகூட நொண்டல. மாட்டு டாக்டரம்மாவே பார்த்துட்டுச் சொல்லிச்சு, எல்லாம் நல்லாத்தான் இருக்குன்னு. சின்னப் பொண்ணு. அழுதுக்கிட்டே செஞ்சுது."

மேவிஸ் கதவைப் பிடித்துக்கொண்டாள்.

"குன்றுலேர்ந்து அதுங்களை இறக்கிக் கொண்டாரணும்ல. வந்தவங்களால ஓட்டிட்டு வர முடியுமா? கலைஞ்சு போயிரும். நான்தான் போய்க் கூப்பிட்டேன்." அவன் நிறுத்தினான். "கூப்பிட்டதும் வந்துச்சுங்க. குட்டியெல்லாம் இழுத்துக்கிட்டு. தீனி போடத்தான் கூப்பிடுறேன்னு நெனச்சு ஓடி வந்துச்சுங்க."

காற்று சுவர்மேல் ஏறி இறங்கியது.   மேவிஸுக்குக் கதவைத் தாண்டிப் போய் அந்தத் தலையைப் பிடித்துத் தன் தோளில் சாய்த்துக்கொள்ள வேண்டும்போல் இருந்தது. கைகள் அதற்காகவே இரும்பை இறுக்கின. நடுவில் இருந்த தூரம் அவளுடைய தேநீர்க்கடையின் நீளம்கூட இருக்காது.

"அன்னிக்கு என்ன கேக்க வந்தேன்னு நீ கேட்டியே" என்றான் அவன். "இந்த வீட்டுக்கு வந்து இருக்கியான்னு கேக்கலாம்னு இருந்தேன். மேல்ரூமுக்குச் சுண்ணாம்பு எல்லாம் அடிச்சு வெச்சிருந்தேன். இனிமே அதுல அர்த்தம் இல்ல. நீ தெரிஞ்சுக்கணுமேன்னு சொல்றேன்."

"நான் என்ன ஆட்டைப் பார்த்தா வரப்போறேன், ஆம்ப்ரோஸ்?"

"ஆடு இல்லாம நான் யாருன்னு எனக்கே தெரியலியே."

திரும்பி நடந்தான். அவள் அவன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாள். அவன் கையை மட்டும் பின்னால் காட்டி அசைத்தான். வேனின் இருக்கையில் கொண்டு வந்திருந்த கேக்கைத் துணியோடு எடுத்துச் சுவரின்மேல் வைத்து, காகம் கொத்தாதபடி ஒரு கல்லைச் சாய்த்துவிட்டு அவள் வண்டியைத் திருப்பினாள். பாதி வழியில் வேனை ஓரமாக நிறுத்த வேண்டியிருந்தது. கண்ணாடியைத் துடைக்கும் கருவியைப் போட்ட பிறகுதான், மழையே இல்லை என்பது அவளுக்குத் தெரிந்தது.

அதற்கடுத்த செவ்வாய்களில் அவன் தொலைபேசியை எடுத்தான், ஆனால் பேசவில்லை. எடுக்கிற சத்தம் கேட்கும். பிறகு சுவர்க்கடிகாரம் ஓடுகிற சத்தம். அவளும் ஒன்றும் சொல்லாமல் கதவைத் தள்ளி ரிசீவரை வெளியே நீட்டுவாள். வில்ஃப் இப்போதெல்லாம் மணியைக் கூண்டின் பக்கம் திரும்பி நின்றுதான் அடித்தார், வழக்கத்தைவிட நெடுநேரம். அடித்து முடித்ததும் அவள் மறுபடி காதில் வைத்து, அந்தக் கடிகாரத்தைக் கொஞ்சம் கேட்டுவிட்டு வைத்துவிடுவாள். அவன் முதலில் வைத்ததே இல்லை. அதை வைத்துக்கொண்டு அவள் ஒரு வாரத்தை ஓட்டினாள், பிறகு அடுத்த வாரத்தை.

கோடையில் காய்கறிக்காரர்கள் திரும்பி வந்தார்கள். துணிக்கடை வந்தது, மீன் வண்டி வந்தது. அவள் மேசையை மதுக்கடைக்குத் திருப்பிக் கொடுத்தாள். ஏலக்கூடம் மட்டும் பூட்டியே கிடந்தது. மேல்பள்ளத்தாக்கில் பாதைகளைத் திறந்துவிட்டார்கள், கதவுகளிலிருந்து பலகைகளை எடுத்துவிட்டார்கள் என்று செய்தி வந்தது. இருந்தும் ஆம்ப்ரோஸ் இறங்கி வரவில்லை. பண்ணையை விற்கப் போகிறான் என்று ஒருவர் சொன்னார். இழப்பீட்டை வாங்கிக்கொண்டு தங்கை வீட்டுக்குப் போய்விடுவான் என்று இன்னொருவர் சொன்னார். மேவிஸ் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டாள். இருபது வயதில் ஒரு குளிர்காலம் முழுக்க அவள் வீட்டுக்குள் உட்கார்ந்து ஒரு சொல் வரும் என்று காத்திருந்தாள். அப்போது சாலையைப் பனி மூடியிருந்தது என்றாவது சொல்லிக்கொள்ளலாம். ஜூலையில் என்ன சொல்லிக்கொள்வது? ஒரு ஞாயிற்றுக்கிழமை, தேவாலயத்துக்குப் போட்டிருந்த நல்ல உடையோடேயே வேனில் ஏறினாள்.

கதவு திறந்து கிடந்தது. ஆம்ப்ரோஸ் முற்றத்தில் ஒரு கவிழ்த்த வாளிமேல் உட்கார்ந்திருந்தான். இளைத்திருந்தான், ஆனால் சவரம் செய்திருந்தான். அவளைப் பார்த்து ஆச்சரியப்பட்டதாகத் தெரியவில்லை. எழுந்து நின்று, அவளுடைய செருப்பைப் பார்த்து, அது குன்றுக்கு உதவாது என்று சொல்லி, உள்ளே போய்த் தன் அம்மாவின் பழைய ரப்பர் காலணிகளை எடுத்து வந்து அவள்முன் வைத்தான். ஒன்று காட்ட வேண்டும் என்றான்.

பண்ணைக்குப் பின்னால் ஏறுகிற பாதையில் அவன் முன்னால் நடந்தான். குன்றின் சத்தமில்லாத சத்தம் அவளுக்குப் பழகக் கொஞ்ச நேரம் பிடித்தது. ஒரு கத்தல் இல்லை, ஒரு மணியோசை இல்லை, வானம்பாடி மட்டும் எங்கோ மேலே பாடிக்கொண்டிருந்தது. கடைசிக் கல்சுவரில் ஆடுகள் புகுந்து போவதற்காக விட்டிருந்த இடைவெளிக்கு வந்ததும் அவன் ஒதுங்கி நின்று அவளுக்கு வழிவிட்டான்.

குன்று முழுக்கப் பூத்திருந்தது. பிறந்ததிலிருந்து அவள் பார்த்த குன்று ஒட்ட வெட்டிய தலைபோலப் பச்சையாக, வழவழப்பாக இருக்கும். இன்றைக்குப் புல் முழங்காலுக்கு வளர்ந்து, அதற்குள் நூல் போன்ற காம்புகளில் நீல மணிப்பூக்கள் ஆடிக்கொண்டிருந்தன. பாறைகளைச் சுற்றி மஞ்சள் படர்ந்திருந்தது. ஊதா, வெள்ளை, பெயர் தெரியாத ஒரு வெளிர்சிவப்பு. வாசனை, காற்று வீசும்போதெல்லாம் கலைந்து கலைந்து வந்தது.

"எங்கப்பா பார்த்ததில்ல இத" என்றான் ஆம்ப்ரோஸ் பின்னாலிருந்து. "அவங்கப்பாவும் பார்த்திருக்க மாட்டாரு. தலை காட்டுனதும் ஆடு கடிச்சிரும். இத்தனை காலமும் அடியிலயே இருந்திருக்கு பாரு." பிறகு, "அழகா இருக்குன்னு சொல்லவும் நாக்கு வர மாட்டேங்குது" என்றான். "அதுங்க செத்ததாலதான வந்துச்சு."

மேவிஸ் பாவாடையைக் கையால் சேர்த்துப் பிடித்துக்கொண்டு உள்ளே இறங்கி நடந்தாள். புல் அவளுக்குப் பின்னால் மூடிக்கொண்டது. சரிவின் பாதியில் ஒரு பாறையருகே நின்று மூச்சு வாங்கினாள். கீழே, வெகு தூரத்தில், ஸ்கெல்பியின் கூரைகளும் தேவாலயக் கோபுரமும் கைக்குள் அடங்குகிற அளவில் தெரிந்தன. அவள் திரும்பினாள். ஆம்ப்ரோஸ் இன்னும் சுவரின் இடைவெளியிலேயே இருந்தான். ஒரு கை கல்லைப் பிடித்திருந்தது. ஒரு காலைத் தூக்கிவிட்டு, எங்கே வைப்பது என்று தெரியாமல், பூ இல்லாத ஓர் இடத்தைத் தேடிக் குனிந்து பார்த்துக்கொண்டு நின்றான்.